குரூப் பாலிசி வழியாக எல்லாக் கணினிக்கும் 7-ஜிப் 24.09: செய்து முடித்த விதம்

கோப்புகளைச் சுருக்கவும் பிரிக்கவும் உதவும் 7-ஜிப் தானாக அப்டேட் ஆகாது. பிரவுசர்களைப் போலப் பின்னணியில் புது வெர்ஷனை இறக்கிக்கொள்ளும் ஏற்பாடு எதுவும் அதில் கிடையாது. ஒருமுறை போட்டால் போட்டபடியே கிடக்கும். யாராவது கை வைத்தால்தான் மாறும். சின்ன மென்பொருள், தொந்தரவில்லாமல் வேலை செய்யும், அதனால் யாரும் அதைப் பற்றி நினைப்பதே இல்லை. எனக்குக் கவலை தந்தது அதுதான்.

இணையத்திலிருந்து ஒரு கோப்பு இறங்கும்போது விண்டோஸ் அதன்மேல் ஒரு குறி வைக்கிறது. மார்க் ஆஃப் தி வெப் என்பார்கள். அந்தக் குறி இருந்தால்தான் கோப்பைத் திறக்கும் முன் எச்சரிக்கை வரும். வேர்டு கோப்பாக இருந்தால் புரொடெக்டட் வியூவில் திறக்கும். ஜிப் கோப்பைப் பிரிக்கும்போது அந்தக் குறி உள்ளே இருக்கும் கோப்புகளுக்கும் போக வேண்டும். 7-ஜிப்பில் அதற்கான வசதி 2022-இல் 22.00 வெர்ஷனோடு வந்தது. ஆனால் ஜிப்புக்குள் இன்னொரு ஜிப் இருந்தால், அதன் உள்ளிருந்து எடுத்த கோப்புக்குக் குறி போகாமல் விட்டுப்போனது. எச்சரிக்கையே இல்லாமல் கோப்பு திறந்துகொள்ளும். சிவிஇ-2025-0411 என்ற எண்ணில் பதிவான ஓட்டை இது. 2024 நவம்பரில் வந்த 24.09 வெர்ஷனில் சரிசெய்துவிட்டார்கள்; விவரம் வெளியே தெரிந்தது 2025 ஜனவரியில். உக்ரைன் அமைப்புகளைக் குறிவைத்த தாக்குதல்களில் இது பயன்பட்டதும் அதன் பிறகு வெளிவந்தது. மருந்து முன்பே தயாராக இருந்தது. அதைக் கணினிகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் மிச்சம்.

எங்கள் நெட்வொர்க்கில் சில நூறு விண்டோஸ் கணினிகள். எல்லாம் ஒரே டொமைனில், அதாவது ஒரே மைய நிர்வாகத்தின் கீழ். தனியாகக் காசு கொடுத்து வாங்கிய அப்டேட் கருவி எதுவும் இல்லை. விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே ஆக்டிவ் டைரக்டரியோடு வரும் குரூப் பாலிசி சாஃப்ட்வேர் இன்ஸ்டலேஷனைப் பயன்படுத்துவது என்று முடிவு செய்தோம். குரூப் பாலிசி என்பது டொமைனில் உள்ள கணினிகளுக்கு மையத்திலிருந்து அமைப்புகளை அனுப்பும் ஏற்பாடு. பழைய முறைதான். ஆனால் 7-ஜிப்புக்கு எம்எஸ்ஐ கோப்பு, அதாவது விண்டோஸ் இன்ஸ்டாலர் வகைக் கோப்பு உண்டு, இந்த முறைக்கு வேண்டியதும் எம்எஸ்ஐதான். இன்னொரு வசதியும் இருக்கிறது. 7-ஜிப்பின் ஒரு டிஎல்எல் கோப்பு, ரைட் கிளிக் மெனுவுக்காக எக்ஸ்ப்ளோரருக்குள் ஏறி உட்கார்ந்திருக்கும். ஆள் லாகின் செய்து வேலை பார்க்கும் நேரத்தில் அப்டேட் போட்டால் அந்தக் கோப்பு பூட்டிக்கிடக்கும், ரீஸ்டார்ட் கேட்கும். குரூப் பாலிசியோ கணினி எழும் நேரத்தில், யாரும் லாகின் செய்வதற்கு முன்பே இன்ஸ்டால் செய்துவிடுகிறது. பூட்டும் இல்லை, பிரச்சினையும் இல்லை.

இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான்: பாலிசி கணினிக்குப் போய்ச் சேர்வது வேறு, மென்பொருள் போய்ச் சேர்வது வேறு. கீழே வரும் சிக்கல்கள் அநேகமாக எல்லாமே இந்த இரண்டுக்கும் நடுவில் முளைத்தவை.

ஷேர் போல்டர்

எம்எஸ்ஐ கோப்பை ஒரு ஷேர் போல்டரில் வைக்க வேண்டும். ஜிபிஓவில் (குரூப் பாலிசி அமைப்புகளின் ஒரு தொகுப்பு) பேக்கேஜைச் சேர்க்கும்போது நெட்வொர்க் பாதையை முழுதாகக் கொடுக்க வேண்டும். சர்வரிலேயே உட்கார்ந்து வேலை செய்கிறோம் என்று டி டிரைவ் பாதையைக் கொடுத்தால், ஒவ்வொரு கணினியும் தன்னுடைய டி டிரைவில் போய்த் தேடும். எங்களிடம் டிஎஃப்எஸ் (சர்வர் மாறினாலும் மாறாத பொதுப் பாதையைத் தரும் வசதி) இருந்ததால் சர்வர் பெயருக்குப் பதில் அந்தப் பெயர்வெளிப் பாதையைக் கொடுத்தோம். அந்தப் பாதை ஜிபிஓவிலும் பதியும், ஒவ்வொரு கணினியின் இன்ஸ்டாலர் பதிவிலும் பதியும். சர்வர் பெயரைக் கொடுத்திருந்தால், நாளைக்கு சர்வரை மாற்றும்போது பழைய பாதை எல்லா இடத்திலும் செத்துப்போகும். அப்போது வருவதுதான் 1612 என்ற பிழை எண்: இன்ஸ்டால் செய்ய மூலக் கோப்பு கிடைக்கவில்லை என்று பொருள்.

பெர்மிஷன் விஷயத்தில் ஒன்றைப் புரிந்துகொண்டால் போதும். இன்ஸ்டால் நடக்கும்போது லாகின் செய்த ஆள் யாரும் இல்லை. கோப்பைப் படிக்க வருவது கணினியின் சொந்தக் கணக்கு. எனவே டொமைன் கம்ப்யூட்டர்ஸ் குழுவுக்கு ஷேர் பெர்மிஷனிலும் என்டிஎஃப்எஸ் பெர்மிஷனிலும் ரீட் வேண்டும். "நான் திறந்து பார்த்தேன், திறக்கிறதே" என்பது இங்கே சோதனையே இல்லை. ஒரு கணினியில் சிஸ்டம் கணக்கில் ஓடும் ஷெட்யூல்ட் டாஸ்க் ஒன்றை வைத்து, அந்த போல்டரின் பட்டியலை ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எழுதச் சொன்னோம். பட்டியல் வந்தது. அதுதான் சரியான சோதனை.

ரீட் தவிர வேறு எதுவும் யாருக்கும் கொடுக்கக் கூடாது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். அந்த போல்டரில் எழுத முடிகிற ஒருவர் எம்எஸ்ஐயை மாற்றி வைத்தால், அவர் வைத்தது அத்தனை கணினிகளிலும் சிஸ்டம் அதிகாரத்தோடு ஓடும். ஓட்டையை அடைக்கப்போய் அதைவிடப் பெரிய வாசலைத் திறந்துவிடக் கூடாது. எழுதும் உரிமையை இந்த வேலைக்கென்றே வைத்த ஒரு கணக்குக்கு மட்டும் கொடுத்தோம். கோப்பு இறங்கியதும் அதன் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பைக் குறித்துவைத்து, ஷேரில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கத்தையும் ஏற்படுத்திக்கொண்டோம்.

பழையதை எடுப்பது, அதன் வரிசை

கணினிகளில் ஏற்கெனவே இருந்த 7-ஜிப் ஒரே மாதிரி இல்லை. சிலவற்றில் எம்எஸ்ஐ வழியாகப் போட்டது, பலவற்றில் இஎக்ஸ்இ வழியாகப் போட்டது. இரண்டுமே புரோகிராம் ஃபைல்ஸுக்குள் அதே 7-ஜிப் போல்டரில்தான் உட்காரும். ஆனால் எம்எஸ்ஐக்கு இஎக்ஸ்இ போட்டதைப் பற்றி எதுவும் தெரியாது. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் கன்ட்ரோல் பேனலில் இரண்டு பெயர்கள் தெரியும். கோப்புகள் ஒரே செட்.

எது எந்த வகை என்று கண்டுபிடிப்பது எளிது. ரெஜிஸ்ட்ரியின் அன்இன்ஸ்டால் பகுதியில் இஎக்ஸ்இ வகை தன் பெயரிலேயே, 7-ஜிப் என்று ஒரு கீ வைத்திருக்கும். எம்எஸ்ஐ வகை நீளமான புராடக்ட் கோடு ஒன்றின் பெயரில் இருக்கும். அந்தக் கோடைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்: நடுவில் 2409 என்ற நான்கு இலக்கம் தெரியும். வெர்ஷன் எண் அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கிறது. வெர்ஷன் மாறினால் புராடக்ட் கோடும் மாறுகிறது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டாம். இது பின்னால் தேவைப்படும்.

இஎக்ஸ்இ வகையை எடுக்க ஒரு ஸ்டார்ட்டப் ஸ்க்ரிப்ட் எழுதினோம். அந்த கீ இருந்தால் 7-ஜிப் போல்டரில் இருக்கும் அன்இன்ஸ்டாலரைச் சத்தமில்லாமல் ஓட்டும். இல்லையென்றால் ஒன்றும் செய்யாமல் வெளியே வந்துவிடும். சரி, இதையும் எம்எஸ்ஐயையும் ஒரே ஜிபிஓவில் வைத்தால் ஒரே ரீஸ்டார்ட்டில் வேலை முடிந்துவிடாதா?

முடியாது. கணினி எழும்போது முதலில் பாலிசிகள் அமலாகும். சாஃப்ட்வேர் இன்ஸ்டலேஷன் அதில் அடக்கம். ஸ்டார்ட்டப் ஸ்க்ரிப்டுகள் அதற்குப் பிறகுதான் ஓடும். அதாவது முதலில் புது எம்எஸ்ஐ வந்து போல்டரில் உட்காரும். அப்புறம் ஸ்க்ரிப்ட் எழுந்து, பழையதை எடுக்கிறேன் என்று அதே போல்டரில் இருக்கும் அதே பெயர்க் கோப்புகளை அழித்துவிடும். கன்ட்ரோல் பேனலில் 24.09 இருக்கும், திறந்தால் திறக்காது. ஆகவே இரண்டு ஜிபிஓ வைத்தோம். முதலாவது பழையதை மட்டும் எடுக்கும். பழையது போய்விட்டது என்று உறுதியான கணினிகளை மட்டும் ஒரு செக்யூரிட்டி குழுவில் சேர்த்து, இரண்டாவது ஜிபிஓ அந்தக் குழுவுக்கு மட்டும் போகும்படி வடிகட்டினோம்.

அந்தக் குழு வேறொரு காரியத்துக்கும் உதவியது. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் எதையும் அனுப்பக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய பிழையான அப்டேட் ஒன்றால் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றதாக மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. 7-ஜிப்பால் அப்படி ஆகாது என்றாலும் வரிசை வரிசையாக அனுப்பும் பழக்கத்தைச் சின்ன மென்பொருளிலேயே கற்றுக்கொள்வது நல்லது. முதலில் எங்கள் குழுவின் கணினிகள், பிறகு ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒன்றிரண்டு, பிறகு மற்றவை. ஒரு கணினியைக் குழுவில் சேர்த்தால் அந்த உறுப்பினர் தகவல் அதற்குத் தெரிய ஒரு ரீஸ்டார்ட் ஆக வேண்டும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கணினியின் அடையாளச் சீட்டான கெர்பராஸ் டிக்கெட் புதிதாக வாங்கும்போதுதான் குழு விவரம் அதில் ஏறும்.

ஜிபிஓ அமைப்பதில் சொல்ல அதிகம் இல்லை. கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன் பக்கத்தில் சாஃப்ட்வேர் இன்ஸ்டலேஷன், நியூ, பேக்கேஜ், அசைன்டு. "நிர்வாக எல்லையை விட்டு வெளியே போனால் அன்இன்ஸ்டால் செய்" என்ற கட்டத்தை மட்டும் காலியாக விடுங்கள். அதில் டிக் இருந்தால், யாரோ ஒருவர் கணினியை வேறு ஓயுவுக்கு (ஆக்டிவ் டைரக்டரியில் கணினிகளைப் பிரித்து வைக்கும் பிரிவு) நகர்த்தினாலே மென்பொருள் காணாமல் போகும்.

பாலிசி வந்தது, 7-ஜிப் வரவில்லை

முதல் வரிசைக் கணினிகளிலேயே இது தெரிந்தது. எந்தப் பாலிசி அமலானது என்று காட்டும் ஜிபிரிசல்ட் ரிப்போர்ட்டில் எங்கள் ஜிபிஓ அமலானதாக இருக்கிறது. பேக்கேஜ் பெயரும் இருக்கிறது. போல்டரில் ஒன்றும் இல்லை.

ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் லாகைத் திறந்து, அப்ளிகேஷன் மேனேஜ்மென்ட் குரூப் பாலிசி என்ற மூலத்துக்கு வடிகட்டினால் 101, 108 என்ற எண்களில் பதிவுகள். இரண்டிலும் கடைசியில் %%1274. இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இது உண்மையில் தோல்வி இல்லை. "இந்த வேலையை ஓடிக்கொண்டிருக்கும்போது செய்ய முடியாது, அடுத்த தடவை எழும்போது செய்கிறேன்" என்று கணினி சொல்லும் விதம். பாலிசி பின்னணியில் 90 நிமிடத்துக்கு ஒருமுறை, அதோடு 30 நிமிடம் வரை கூடுதலாகச் சேர்த்து, புதுப்பிக்கப்படும். அந்தப் புதுப்பிப்பில் ரெஜிஸ்ட்ரி அமைப்புகள் வந்துவிடும், மென்பொருள் வராது. கணினி எழும்போதும், விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்தே, நெட்வொர்க்குக்குக் காத்திராமல் லாகின் திரையைக் காட்டிவிட்டுப் பின்னணியில் பாலிசியைப் பார்த்துக்கொள்வதுதான் இயல்பு. அதனால் முதல் ரீஸ்டார்ட்டில் குறித்துவைத்து, இரண்டாவதில்தான் இன்ஸ்டால் செய்யும். "கணினி எழும்போதும் லாகினிலும் எப்போதும் நெட்வொர்க்குக்குக் காத்திரு" என்ற பாலிசியை இயக்கினால் ஒரே ரீஸ்டார்ட் போதும். இயக்கினோம்.

பாதிக் கணினிகள் சரியாயின. மீதி அசையவில்லை. பயனர்களிடம் கேட்டால், "தினமும் சாயங்காலம் ஷட்டவுன் செய்துவிட்டுத்தான் போகிறேன்" என்கிறார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான். அப்படிப்பட்ட ஒரு கணினியில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியுவைச் சொடுக்கினேன். கீழே அப் டைம் என்று ஒரு வரி இருக்கும். காலையில்தான் பவர் பட்டனை அழுத்திய கணினி. அப் டைமோ பல நாட்களைக் காட்டியது.

விண்டோஸ் 8-இலிருந்து வரும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் செய்கிற வேலை இது. ஷட்டவுன் கொடுத்தால் பயனரின் செஷன் மூடும். விண்டோஸின் மையப் பகுதியான கெர்னல் மட்டும் ஹைபர்னேட் கோப்பில் அப்படியே போய்ப் படுத்துக்கொள்ளும். மறுநாள் பவர் போட்டால் அந்தக் கெர்னல் விட்ட இடத்திலிருந்து தொடரும். கணினியைப் பொறுத்தவரை அது புதிதாக எழவே இல்லை. எழும்போது செய்ய வேண்டிய வேலைக்கு வாய்ப்பே வருவதில்லை. ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டும் உண்மையாகவே முதலிலிருந்து எழும். ஷட்டவுன் செய்தால் எல்லாம் புதிதாகத் தொடங்கும் என்ற நம்பிக்கை நம் எல்லாருக்கும் கையோடு பழகிப்போனது. அந்த நம்பிக்கை இப்போது செல்லாது என்பதைப் பயனர்களுக்கு நிதானமாக விளக்கிச் சொல்வதும் இந்த வேலையில் ஒரு பகுதிதான்.

இதை நிறுத்த அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்டில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் பெயரில் ஒரு பாலிசி இருக்கிறது. அதை டிஸேபிள்ட் என்று வைத்தால் நின்றுவிடும் என்று தோன்றும். அதன் விளக்கத்தை முழுதாகப் படியுங்கள்: டிஸேபிள்ட் என்றால் கணினியில் ஏற்கெனவே இருக்கும் அமைப்பே தொடரும். உண்மையில் நிறுத்த வேண்டுமானால் ரெஜிஸ்ட்ரியில் சிஸ்டம் பகுதியில், செஷன் மேனேஜருக்குக் கீழே பவர் கீயில் இருக்கும் ஹைபர்பூட்எனேபிள்ட் மதிப்பை 0 ஆக்க வேண்டும். குரூப் பாலிசி பிரிஃபரன்ஸில் ரெஜிஸ்ட்ரி ஐட்டமாக அதை வைத்தோம். இது பின்னணிப் புதுப்பிப்பிலேயே போய்ச் சேர்ந்துவிடும், ரீஸ்டார்ட்டுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அன்று மாலை ஷட்டவுன் செய்யும்போது அது முழு ஷட்டவுன். மறுநாள் காலை பவர் போட்டதும் 7-ஜிப் வந்து உட்கார்ந்திருந்தது. சிஸ்டம் லாகில் 302 என்ற எண், இன்ஸ்டால் வெற்றி. அதைப் பார்த்ததும் வந்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை.

இன்னும் ஒரு சிறு கூட்டம் மிஞ்சியது. எல்லாம் ஒரே தளத்தில், எஸ்எஸ்டி உள்ள புதுக் கணினிகள். அவற்றில் 1129 என்ற ஈவென்ட்: டொமைன் கன்ட்ரோலரோடு தொடர்பு இல்லாததால் பாலிசி தோற்றது. கேபிள் நன்றாக இருக்கிறது, லாகின் செய்த பிறகு எல்லாம் வேலை செய்கிறது. காரணம் ஸ்விட்ச். ஒரு போர்ட்டில் கணினி உயிர் பெற்றதும், லூப் (டேட்டா சுற்றிச் சுற்றி வரும் இணைப்பு) ஏதும் இருக்கிறதா என்று பார்க்க ஸ்விட்சின் ஸ்பானிங் ட்ரீ என்ற ஏற்பாடு கேட்பதற்கு 15 வினாடி, கற்றுக்கொள்வதற்கு 15 வினாடி எடுத்துக்கொள்ளும். அந்த 30 வினாடியும் டேட்டா போகாது. பழைய ஹார்டு டிஸ்க் கணினிகள் எழுவதற்குள் அது கடந்துவிடும். எஸ்எஸ்டி கணினி அதற்கு முன்பே எழுந்து, நெட்வொர்க்கைத் தேடி, கிடைக்காமல் கைவிட்டுவிடுகிறது. கணினிகள் மட்டும் செருகியிருக்கும் போர்ட்டுகளை எட்ஜ் போர்ட்டாக, அதாவது போர்ட்ஃபாஸ்ட் உள்ளதாக மாற்றினோம். வேறு ஸ்விட்ச் போகும் போர்ட்டில் இதைச் செய்யக் கூடாது; லூப் வந்தால் தளமே முடங்கும். ஸ்விட்சைத் தொட முடியாதவர்கள், ஸ்டார்ட்டப்பில் பாலிசி காத்திருக்கும் நேரத்தை வினாடிக் கணக்கில் கூட்டும் பாலிசியை வைத்துக்கொள்ளலாம். கணினி எழ நேரமாகும், ஆனால் வேலை நடக்கும்.

உண்மையில் போய்ச் சேர்ந்ததா

ஜிபிரிசல்ட்டை நம்பக் கூடாது என்று ஆகிவிட்டது. கணினியிடமே கேட்பதுதான் வழி. பலர் இதற்கு பவர்ஷெல்லில் வின்32_புராடக்ட் என்ற கிளாஸைக் கேட்கச் சொல்வார்கள். அதைத் தவிர்த்துவிடுங்கள். அதைக் கேட்டாலே விண்டோஸ் இன்ஸ்டாலர் கணினியில் இருக்கும் ஒவ்வொரு எம்எஸ்ஐ மென்பொருளையும் சரிபார்க்கக் கிளம்பிவிடும். சிலவற்றைத் தானே ரிப்பேரும் செய்யும். பட்டியல் கேட்டதற்கு அத்தனை வேலை தேவையில்லை. நாங்கள் 7-ஜிப் போல்டரில் இருக்கும் ஃபைல் மேனேஜர் இஎக்ஸ்இயின் வெர்ஷனை மட்டும் படித்தோம். கோப்பு இருக்கிறதா, அதன் வெர்ஷன் 24.09-ஆ, இஎக்ஸ்இ வகையின் பழைய கீ ஒழிந்ததா: மூன்றே கேள்வி. தினமும் ஒருமுறை ஷெட்யூல்ட் டாஸ்க் ஓடி, கணினிப் பெயரோடு ஒரு வரியைத் தனி ஷேரில் எழுதும். அந்த ஷேர் எழுத மட்டும்; எம்எஸ்ஐ இருக்கும் ஷேரோடு அதற்குச் சம்பந்தமே இல்லை.

ஜிப்பிலிருந்து பிரிக்கும்போது இணையக் குறியையும் கூடவே எடுத்துப்போக 7-ஜிப் ஆப்ஷன்ஸில் ஒரு தெரிவு உண்டு. புது வெர்ஷனைப் போட்டுவிட்டு அதைக் கவனிக்காமல் விட்டால் பாதி வேலைதான். அதை 'யெஸ்' ஆக்கும் ரெஜிஸ்ட்ரி மதிப்பையும் யூசர் பக்கத்துப் பிரிஃபரன்ஸில் வைத்தோம். அப்புறம் ஜிப்புக்குள் ஜிப் வைத்த சோதனைக் கோப்பு ஒன்றை பிரவுசர் வழியாக இறக்கி, உள்ளிருந்த கோப்பை எடுத்து, ப்ராப்பர்ட்டீஸில் பார்த்தோம். வேறு கணினியிலிருந்து வந்த கோப்பு என்ற வரியும் பக்கத்தில் அன்பிளாக் கட்டமும் தெரிந்தன. நாங்கள் இத்தனையும் செய்தது அந்த ஒரு வரிக்காகத்தான்.

லேப்டாப்புகள் தனிக் கதை. வெளியில் இருந்து விபிஎன் வழியாக வருகிறவை, எழும் நேரத்தில் நெட்வொர்க்கில் இருப்பதே இல்லை; லாகினுக்குப் பிறகுதான் விபிஎன் வருகிறது. தவிரவும், 500 கேபிபிஎஸ்ஸுக்குக் குறைவான தொடர்பை மெதுவானது என்று குரூப் பாலிசி முடிவு செய்துவிட்டால் சாஃப்ட்வேர் இன்ஸ்டலேஷனைத் தொடவே தொடாது. இவற்றில் அந்த முறையோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. பிரிஃபரன்ஸ் வழியாக சிஸ்டம் கணக்கில் ஓடும் ஒரு ஷெட்யூல்ட் டாஸ்க் கொடுத்தோம். அது விபிஎன் இருக்கும்போது எம்எஸ்ஐயை முதலில் லோக்கல் டிஸ்க்குக்கு நகலெடுக்கும், ஹாஷை ஒப்பிடும், பிறகு எம்எஸ்ஐஎக்ஸெக் வழியாகச் சத்தமில்லாமல் இன்ஸ்டால் செய்யும். ஆள் வேலை பார்க்கும் நேரம் என்பதால் எக்ஸ்ப்ளோரர் அந்த டிஎல்எல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் 3010 என்ற எண் திரும்பி வந்தால் வெற்றி என்றே எடுத்துக்கொள்ளலாம். ரீஸ்டார்ட் மட்டும் பாக்கி. 1618 வந்தால் வேறு ஏதோ இன்ஸ்டால் ஓடிக்கொண்டிருக்கிறது, டாஸ்க் அடுத்த முறை பார்த்துக்கொள்ளும்.

அடுத்த வெர்ஷன் வரும்போது ஷேரில் இருக்கும் எம்எஸ்ஐயின் மேலேயே புதியதைப் போட்டு, பெயரை அப்படியே வைக்கும் ஆசை வரும். செய்யாதீர்கள். ஜிபிஓவுக்குள் பழைய புராடக்ட் கோடு பதிந்திருக்கிறது. கோப்பில் புதியது இருக்கும், இரண்டும் பொருந்தாது. வெர்ஷன் எண்ணைப் பெயராகக் கொண்ட தனி போல்டர், ஜிபிஓவில் புதிய பேக்கேஜ், அதன் அப்கிரேட்ஸ் பக்கத்தில் பழைய பேக்கேஜைக் காட்டி "முதலில் அதை எடுத்துவிட்டு இதைப் போடு" என்ற தெரிவு. பழைய போல்டரை உடனே அழிக்க வேண்டாம். நீண்ட விடுப்பில் இருப்பவரின் கணினி திரும்பி வரும்போது, பழையதை எடுக்க அந்தக் கோப்பையே தேடக்கூடும். வெர்ஷன் பட்டியலில் பழைய எண் ஒன்றுகூட இல்லை என்று ஆன பிறகு அதை எடுத்தால் போதும்.